அறிந்தோர் கடன்: நெருக்கடி வேளையில் நிறுவனங்களின் வாய்மை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

முகாமைத்துவக் கல்வியில் இன்று 'நெருக்கடி முகாமைத்துவம்' என்றொரு பிரிவு தனியிடம் பெற்றுள்ளது. தீ, வெடிப்பு, நச்சுக்கசிவு, பழுதான உணவு அல்லது மருந்து, கப்பல் விபத்து முதலியன நேருமிடத்து ஒரு வர்த்தக நிறுவனம் எவ்வாறு செயற்பட வேண்டும், எவ்வாறு பேசவேண்டும் என்பவற்றை அது கற்பிக்கின்றது. அத்துறையினர் கூறும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. நிறுவனத்துள் ஒரு குழு முன்கூட்டியே அமைக்கப்படல் வேண்டும். அதன் உறுப்பினரை நள்ளிரவிலும் அழைக்கத்தக்க தொலைபேசிப் பட்டியல் இருத்தல் வேண்டும். நிறுவனத்தின் சார்பிற் பேசும் பொறுப்பு ஒருவரிடமே ஒப்படைக்கப்படல் வேண்டும். நிகழக்கூடிய விபத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற அறிக்கைகள், சில வெற்றிடங்கள் மட்டும் நிரப்பப்படவேண்டிய நிலையில், ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் இவை யாவும் ஒத்திகை பார்க்கப்படல் வேண்டும்.

இவ்வாலோசனைகளுள் எதுவும் தன்னளவில் தவறானதன்று. வருமுன் காவாதவனது வாழ்வினை நெருப்பின் முன்னே வைக்கப்பட்ட வைக்கோற் போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டதை நாம் அறிவோம். எனினும் ஒழுக்கவியல் பயில்வோர் இப்பட்டியலின் ஓரிடத்திலே தயங்கி நிற்பர். இன்னும் நிகழாத நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிய உண்மையை இன்றே எழுதிவைத்தல் எங்ஙனம் சாலும்? 'மக்களின் பாதுகாப்பே எமது முதற் கவலை' என்னும் வாக்கியம், எவரும் இறக்குமுன்னரே, இறக்கப்போகிறவர் யாரென அறியப்படுமுன்னரே, தட்டச்சிலிடப்பட்டுக் கோப்பிலே கிடக்குமாயின், அதனைக் கவலையின் வெளிப்பாடென்பதா, அன்றிக் கவலையின் பிரதியென்பதா? நெருக்கடிக்கு ஆயத்தமாதல் என்பது உண்மை கூறுவதற்கு ஆயத்தமாதலா, உண்மையிலிருந்து தப்புவதற்கு ஆயத்தமாதலா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெருக்கடி என்பது யாது?

வர்த்தகத்திலே இடர்கள் பல. விலைவீழ்ச்சி, நாணய மதிப்பிறக்கம், போட்டியாளரின் புதிய பண்டம் என்பனவும் ஒரு நிறுவனத்தை நெருக்கவே செய்யும். ஆயின் அவற்றை நாம் இங்கு கருதவில்லை. ஒரு நிறுவனத்தின் செயலாலோ பண்டத்தாலோ பிறருடைய உயிரும் உடலும் பிழைப்பும் ஆபத்துக்குள்ளாகும் நிலையையே நெருக்கடி என்னும் சொல்லால் ஈண்டு குறிக்கின்றோம்.

இந்நிலைக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. ஆபத்தை அறிந்தவர் ஒருவர். அதனைச் சுமப்பவர் வேறொருவர். தொட்டியினுள் எத்தகைய நஞ்சு எவ்வளவு உள்ளதென்பதை ஆலையின் இரசாயனவியலாளர் அறிவார். மதிலுக்கு அப்பால் உறங்குபவர் அறியார். மருந்துக் குளிகையில் எவ்வளவு கலப்புண்டென்பதைப் பரிசோதனைகூடம் அறியும். அதனை விழுங்கும் தாய் அறியாள். சாதாரண மனித உறவுகளில் உண்மை பேசுவதும் பேசாதிருப்பதும் ஓரளவு சமநிலையிலுள்ள இருவரிடையே நிகழ்வன. இங்கோ ஒருவருடைய மௌனம் மற்றவருடைய மரணமாகலாம். ஆகவே இங்கு வாய்மை என்பது பேசுவோனது பண்புநலன் பற்றியதாக மட்டும் அமையாது, கேட்போனுக்கு உரிய ஒரு கடனாகவும் அமைகின்றது. அறிந்தவன் அறியாதவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் அது.

ஒரே கலை, இரு பயன்கள்

நிறுவனங்களுக்காகப் பேசும் கலையின் தொடக்கத்திலேயே இப்பிரச்சினையின் இரு முகங்களும் தோன்றிவிட்டன. 1906 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஐக்கிய அமெரிக்காவின் அத்திலாந்திக் நகரருகே பென்சில்வேனியா புகையிரத நிறுவனத்தின் வண்டியொன்று பாலத்திலிருந்து நீருள் வீழ்ந்தது; ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகையிரத நிறுவனங்கள் விபத்துக்களை மூடி மறைத்தலே அக்கால வழக்கு. ஐவி லீ என்னும் முன்னாட் பத்திரிகையாளர் அந்நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். அவர் வழக்கத்துக்கு மாறாகச் செய்தியாளர்களை விபத்து நிகழ்ந்த இடத்துக்கே வரவழைத்துத் தெரிந்தவற்றை அறிக்கையாக வழங்கச் செய்தார். பொதுசனத் தொடர்பு என்னும் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டு ஆண்டுகளின் பின், 1914 ஏப்பிரலில், கொலொறாடோ மாநிலத்தின் லட்லோ என்னுமிடத்திலே வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. கூடாரமொன்றின் அடியிலிருந்த குழியில் ஒளிந்திருந்த பதினொரு குழந்தைகளும் இரு பெண்களும் மூச்சடைத்து இறந்தனர். சுரங்க நிறுவனத்தில் பெரும்பங்கு கொண்டிருந்த றொக்பெல்லர் குடும்பத்தின் சார்பில் அறிக்கைகள் வெளியிட அமர்த்தப்பட்டவர் அதே லீ ஆவார். அவ்வறிக்கைகள் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியத்தைப் பன்மடங்கு மிகைப்படுத்திக் கூறின. தமக்குத் தரப்பட்ட செய்திகளின் உண்மையைத் தாம் தேடி ஆராயவில்லை என அவரே பின்னர் விசாரணை ஆணைக்குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

ஒரே மனிதர், ஒரே திறமை. முதலிலே அத்திறமை உண்மைக்கு வாயில் திறந்தது. பின்னர் அதனை அடைத்தது. எனவே பேசும் திறமையும் ஆயத்தமும் தம்மளவில் அறமுமல்ல, மறமுமல்ல என்பது பெறப்படும். அறம் வேறெங்கோ தங்கியுள்ளது. அதனைக் காண, மௌனத்துக்குச் சார்பாக வழக்கமாகக் கூறப்படும் வாதத்தை முதலில் நோக்குதல் தகும்.

பீதி என்னும் வாதம்

வாய்மை யாது என்ற வினாவுக்கு வள்ளுவர் அளித்த விடை தனித்தன்மை வாய்ந்தது. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுதலே வாய்மை என அவர் வரையறுக்கவில்லை. பிற உயிருக்குச் சிறிதும் தீமை விளைக்காத சொல்லையே அவர் வாய்மை என்றார். அடுத்த குறளிலே இன்னும் ஓரடி முன்சென்று, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். இதற்கு நேரெதிரான நிலைப்பாடு ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1797 இல் எழுதிய கட்டுரையிற் காணப்படுவது. கொலைகாரன் ஒருவன் வாயிலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என வினவினும் பொய்யுரைத்தல் தகாது என்பது அவர் முடிபு.

நிறுவனங்கள் தம் மௌனத்துக்குக் காரணங் காட்டும்போது, அறிந்தோ அறியாமலோ, வள்ளுவரின் இரண்டாங் குறளையே துணைக்கழைக்கின்றன. 'உண்மையைக் கூறினால் மக்கள் பீதியடைவர். பீதியினால் தீமை பெருகும். ஆகவே அமைதி காத்தோம்' என்பது அவ்வாதம். கான்றின் கடுமையை ஏற்கத் தயங்கும் நம்மிற் பலருக்கும் இது ஏற்புடையதாகத் தோன்றலாம். ஆயின் வள்ளுவர் இட்ட நிபந்தனையைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். நன்மை என்று மட்டும் அவர் கூறவில்லை, குற்றமற்ற நன்மை என்றார். நன்மை யாருக்கு என்ற வினா அந்த அடைமொழியிலேயே அடங்கியுள்ளது. மறைப்பவனுக்கு நன்மையும் மறைக்கப்பட்டவனுக்குக் கேடும் விளைவிக்கும் பொய் அந்நிபந்தனையை நிறைவு செய்யாது.

இதே கருத்தை வேறொரு வழியால் அடைந்தவர் சிசெலா பொக் என்னும் மெய்யியலாளர். பொய்யுரைத்தல் பற்றி 1978 இல் அவர் வெளியிட்ட நூலிலே ஒரு சோதனையை முன்வைத்தார். பொய்யொன்றை நியாயப்படுத்த விரும்புவோன், அந்நியாயத்தை நல்லறிவுடைய மக்கள் அனைவரின் முன்னிலையிலும், குறிப்பாக ஏமாற்றப்படுவோரின் முன்னிலையிலும், வெளிப்படையாக எடுத்துரைக்க இயலுமா எனத் தன்னைக் கேட்டல் வேண்டும். கொலைகாரனுக்குப் பொய் சொன்னவன் இச்சோதனையில் தேறுவான். ஆலை மதிலருகே வாழும் குடும்பத்தின் முன் சென்று, 'உங்களுக்குப் பீதி உண்டாகாதிருக்கவே நச்சுவாயுவைப் பற்றிக் கூறாது விட்டோம்' எனச் சொல்லக்கூடிய முகாமையாளர் எவருமுளரோ?

வாதங்களை இனி நிகழ்ச்சிகளில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

சிக்காகோ, 1982

1982 செப்ரெம்பர் இறுதியில் சிக்காகோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ரைலனோல் என்னும் வலிநீக்கிக் குளிகைகளை உட்கொண்ட எழுவர் இறந்தனர். கடைகளிலிருந்த போத்தல்களில் யாரோ சயனைட்டைக் கலந்திருந்தமை தெரியவந்தது. பொலிசார் ஒலிபெருக்கிகளுடன் வீதிதோறும் சென்று எச்சரித்தனர். மருந்தின் உரிமையாளரான ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம், குளிகைகளை உட்கொள்ள வேண்டாமென நாடு முழுவதும் அறிவித்து, ஏறத்தாழ 31 மில்லியன் போத்தல்களை மீளப்பெற்றது. அதன் செலவு 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்டது. பின்னர், பிறர் திறந்தால் அடையாளம் தெரியத்தக்க உறைகளுடன் மருந்தை மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தது. வலிநீக்கிச் சந்தையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வைத்திருந்து, சில வாரங்களில் பத்திலொரு பங்கிலும் கீழே வீழ்ந்த அம்மருந்து, ஓராண்டளவில் இழந்ததிற் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டது. கொலைகாரன் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

நெருக்கடி முகாமைத்துவ நூல்களில் இந்நிகழ்ச்சி இலட்சிய உதாரணமாக எடுத்தாளப்படுகின்றது. அதற்கு நியாயமும் உண்டு. நாடு முழுவதற்கும் உண்மை கூறப்பட்டது; மக்கள் அஞ்சினர்; ஆயின் அஞ்சிய மக்கள் செய்யத்தக்கதையே செய்தனர், குளிகைகளை எறிந்தனர். அந்நிறுவனம் 1943 இல் எழுதிக்கொண்ட கொள்கைக்கூற்றும் கவனிக்கத்தக்கது. மருத்துவர், தாதியர், நோயாளர், தாய்மார் ஆகியோருக்கான பொறுப்பை முதலிலும் பங்குதாரருக்கான பொறுப்பை இறுதியிலும் வைத்த கூற்று அது. நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க் நெருக்கடிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தம் முகாமையாளர்களை ஒன்றுகூட்டி, 'இக்கூற்றின்படி நாம் நடக்க முடியுமா? முடியாதெனின் இதனைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா?' என்ற பொருளில் விவாதிக்கச் செய்திருந்தார். விபத்துக்கான அறிக்கையை எழுதிவைத்தலிலும் இது வேறானது. யாருக்கு முதலிற் கடமைப்பட்டுள்ளோம் என்பதை அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தனர்.

ஆயினும் இவ்வுதாரணத்தில் இரு குறைகள் உள. தம் ஆலையில் சயனைட்டே இல்லையென நிறுவனம் முதலில் மறுத்தது. பின்னர், பரிசோதனைக்காக அங்கு சிறிதளவு பயன்படுத்தப்பட்டமை தெரியவர, அம்மறுப்பை மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மறுப்பவர் பொய்யரல்லர், விசாரியாது மறுத்தவர். நல்லெண்ணமுடையோரும் நெருக்கடியிலே முதலில் நாடுவது மறுப்பையே என்பதற்கு இது சான்று.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலே கடைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகின்றார். விலை தெரியாத வாடிக்கையாளரையும் அவர் ஏமாற்றுவதில்லை. ஆயின் நேர்மை வியாபாரத்துக்கு நன்று என்பதற்காகவே அவர் அவ்வாறு நடப்பாராயின், அவரது செயல் கடமைக்கு இயைந்ததேயன்றிக் கடமை கருதியதன்று என்பது கான்றின் முடிபு. மாணவனாயிருக்கையில் இவ்வேறுபாடு வெறும் நுணுக்கமாகத் தோன்றும். 'நேர்மை இலாபந் தரும்' என்பதே சிக்காகோ தரும் பாடமெனக் கற்பிக்கப்படும்போது அதன் பொருள் விளங்கும். நேர்மை இலாபந் தராத இடத்திலே அக்கடைக்காரர் என் செய்வார்?

1982 இல் குற்றம் வெளியாளுடையது. உண்மை நிறுவனத்துக்குச் சார்பாயிருந்தது. அதே நிறுவனத்தின் குழந்தைப் பவுடரிற் சேரும் ரல்க் மூலப்பொருளில் சிறிதளவு அஸ்பெஸ்ரஸ் சிற்சில சோதனைகளிற் காணப்பட்டதென்றும், பல ஆண்டுகளாக அது வெளியிடப்படவில்லையென்றும் 2018 இல் றோயிற்றர் செய்தி நிறுவனம் எழுதியது. நிறுவனம் அதனை மறுத்து, தன் பவுடர் பாதுகாப்பானதென்றே வாதிட்டது. வழக்குகள் பெருகின. 2023 இல் ரல்க் கலந்த குழந்தைப் பவுடரின் விற்பனை உலகெங்கும் நிறுத்தப்பட்டது. அவ்வழக்குகளின் நியாயத்தைத் தீர்ப்பது எமது வேலையன்று. ஒருமுறை உண்மை பேசிய பெருமை மறுமுறை பேசுவதற்கு உத்தரவாதமாகாது என்பதே நாம் கொள்ளவேண்டியது. உண்மை உள்ளிருந்து உறுத்தும் நிலையிலேதான் ஒரு நிறுவனத்தின் வாய்மை சோதிக்கப்படும். அத்தகைய நிலைக்கு மினமாற்றாவே உதாரணம்.

மினமாற்றா, 1959

யப்பானின் கியூசூ தீவிலே மினமாற்றா என்னும் கடலோர நகரில் சிசோ இரசாயன ஆலை அமைந்திருந்தது. மீனவக் குடும்பங்களில் கைகால் நடுங்கி, பேச்சும் பார்வையும் குன்றி, வலிப்புற்று இறக்கும் ஒரு நோய் தோன்றியது. 1956 மே 1 ஆம் நாள் அதனைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தவர் ஆலையின் சொந்த வைத்தியசாலைத் தலைவரான வைத்தியர் ஹொசொகாவா. ஆலையின் கழிவுநீரிற் கலந்த சேதனப் பாதரசம் மீன்வழியாக மனித உடலைச் சேர்வதே நோயின் காரணமென 1959 யூலையிற் குமமொற்றோ பல்கலைக்கழக ஆய்வாளர் கூறினர். நிறுவனம் மறுத்தது. அதே காலத்தில் ஹொசொகாவா ஆலையின் கழிவுநீரை உணவிற் கலந்து பூனையொன்றுக்கு ஊட்டி வந்தார். ஒக்ரோபரில் அப்பூனை அதே நோய்க்குறிகளைக் காட்டியது. பதிவேட்டில் 400 ஆம் இலக்கம் பெற்ற பூனை அது. முடிபை அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். முடிபு வெளியிடப்படவில்லை, மேலும் ஆராய்வதற்கும் தடை விதிக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசெம்பரிலே இரு காரியங்கள் நிகழ்ந்தன. கழிவுநீரைத் தூய்மையாக்கும் இயந்திரமொன்று விழாவெடுத்துத் திறந்துவைக்கப்பட்டது. நீரிற் கரைந்த பாதரசத்தை அகற்றும் ஆற்றல் அதற்கில்லை. மாத இறுதியில் நோயாளர் குடும்பங்களுடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. இறந்தோருக்கு 300,000 யென் 'அனுதாபப் பணம்' வழங்கப்படும். ஆலையே காரணமெனப் பின்னர் நிறுவப்பட்டாலும் மேலதிக நட்டஈடு கோரப்படலாகாது என்றும் அதிலே எழுதப்பட்டிருந்தது. காரணம் தமதேயென உணர்த்தும் சான்றைப் பெட்டகத்திலே பூட்டிவைத்தவர்கள் எழுதிய வாசகம் இது.

கழிவு 1968 வரை கடலிற் கலந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே அரசாங்கம் காரணத்தை ஏற்றுக்கொண்டது. 1970 இல், புற்றுநோயால் மரணப் படுக்கையிலிருந்த ஹொசொகாவா, 400 ஆம் இலக்கப் பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சியமளித்தார். சில மாதங்களில் இறந்தார். 1973 மார்ச்சில் குமமொற்றோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, அனுதாபப் பண உடன்படிக்கை பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் முரணானதெனக் கூறி அதனைச் செல்லாதாக்கியது. அப்பகுதியில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட நோயாளர் மட்டும் 2,200 க்கு மேற்பட்டோர்.

நெருக்கடி முகாமைத்துவம் கற்பிக்கும் பலவற்றை அந்நிறுவனம் செவ்வனே செய்தது என்பதே இதில் நடுங்கவைக்கும் செய்தி. அது ஒரே குரலிற் பேசியது. நிபுணரைத் துணைக்கழைத்தது. விரைந்து நடவடிக்கை எடுப்பதாகக் காட்டியது. பாதிக்கப்பட்டோருடன் பேச்சு நடத்தியது. இல்லாதது ஒன்றே: அறிந்ததைக் கூறுதல்.

இங்கு இன்னொன்றும் புலனாகின்றது. 1959 ஒக்ரோபரிலே உண்மையைக் கூறுவது கடினம். 1960 இல் அதனினும் கடினம். ஏனெனில் 1960 இல் உண்மையைக் கூறுவோர், ஆலை நஞ்சைக் கக்குகிறது என்பதோடு, கடந்த ஆண்டே அதனை அறிந்திருந்தோம் என்பதையும் கூறவேண்டும். மௌனமாய்க் கழிந்த ஒவ்வோர் ஆண்டும் உண்மையின் விலையைக் கூட்டியது. செலுத்தாத கடன் வட்டியோடு வளர்வதுபோல, சொல்லாத உண்மையும் வளர்ந்து, ஈற்றில் சொல்ல விரும்புவோராலும் சொல்லவியலாத பருமனை அடைந்தது. நிறுவனங்கள் நெருக்கடி வேளையிலே பொய்யுரைப்பதற்குத் தீய குணம் மட்டும் காரணமன்று. முன்னர் செலுத்தப்படாத கடனே அவற்றின் நாவைக் கட்டுகின்றது.

போபால், 1984

கடன் நெருக்கடிக்கு முன்னரே செலுத்தப்படவேண்டியது என்பதைப் போபால் நகரின் துயரம் மேலும் தெளிவாக்கும். 1984 டிசெம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவை அண்டி, யூனியன் காபைட் நிறுவனத்தின் இந்தியக் கிளை நடத்திய பீடைகொல்லி ஆலையிலே ஏறத்தாழ 40 தொன் மெதயில் ஐசோசயனேற் கொண்ட தொட்டியினுள் நீர் புகுந்தது. குளிரூட்டும் சாதனம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரம் திருத்தத்துக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆலையின் பாதுகாப்புக் குறைகள் 1982 இலேயே அமெரிக்காவிலிருந்து வந்த பரிசோதகர் குழுவால் எழுத்தில் வைக்கப்பட்டிருந்தன. வெளியேயுள்ள மக்களை எச்சரிக்கும் சங்கு சிறிது நேரம் ஒலித்துப் பின் நிறுத்தப்பட்டது. மீண்டும் அது முழுமையாக ஒலித்தபோது வாயு குடிசைகளை அடைந்துவிட்டது.

ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளல், வாயு செல்லுந் திசையில் ஓடாதிருத்தல் ஆகிய இரு எளிய அறிவுரைகள் பல உயிர்களைக் காத்திருக்கக்கூடும். அவற்றை அயலவருக்கு எவரும் முன்னர் கற்பித்திருக்கவில்லை. மக்கள் ஓடினர், ஓடியோர் மேலும் ஆழமாக மூச்சிழுத்தனர். நகரின் வைத்தியசாலைகளோ எந்த நஞ்சுக்கு மருத்துவஞ் செய்கிறோமென்று தெரியாது திகைத்தன. மத்தியப் பிரதேச அரசு உறுதிப்படுத்திய மரணங்கள் 3,787. ஏனைய மதிப்பீடுகள் இதனிலும் மிகப் பெரியன. பீதியைத் தவிர்க்கவே மௌனம் என்னும் வாதம் அவ்விரவிலே வீழ்ந்தது. அறிவிக்கப்பட்ட சிக்காகோவிலே ஒழுங்கு நிலவியது. அறிவிக்கப்படாத போபாலிலே பீதி தலைவிரித்தாடியது.

அவ்விரவின் பின் எத்துணைச் சிறந்த அறிக்கையை வெளியிட்டிருப்பினும் பயன் யாது? கூறவேண்டிய சொல் ஈரத்துணி பற்றிய ஒரு வாக்கியம். அது கூறப்படவேண்டிய காலம் விபத்துக்கு முந்திய ஆண்டுகள்.

ஆயத்தம் என்பதன் பொருள்

மேற்கூறியவற்றிலிருந்து, நெருக்கடிக்கு ஆயத்தமாதல் என்பதற்கு ஓர் ஒழுக்கவியற் பொருளை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆபத்தைச் சுமப்போருக்கு அதனை முன்கூட்டியே, அவர்களது மொழியில், அறிவித்தல். எமது நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மலையகத் தோட்டமொன்றிற் களைகொல்லி தெளிக்கும் பெண்ணுக்கு, அக்கொள்கலத்தின் எச்சரிக்கை அவர் வாசிக்கக்கூடிய தமிழில் இல்லையெனின், சட்டத்தின் கண்ணில் அது எழுதப்பட்டதாயினும் அறத்தின் கண்ணில் எழுதப்படாததே.

இரண்டாவது, தீய செய்தி மேலே செல்வதற்குத் தடையற்ற வழியொன்றை அமைத்தல். பரிசோதகரின் அறிக்கை இழுப்பறையில் உறங்குமாயின், ஒத்திகைகளால் ஆவது ஒன்றுமில்லை. செய்தி கொணர்ந்தவருக்குத் தீங்கு நேராதென்ற உறுதியும், ஆலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்குரியதென்ற தெளிவும் வேண்டும்.

மூன்றாவது, நெருக்கடி வந்தபின் பேசும் முறை. அறிந்தது இது, அறியாதது இது, மேலும் அறிந்து இன்ன வேளையிற் கூறுவோம் என்னும் மூன்றையும் பிரித்துச் சொல்லுதல் போதும். விசாரியாத மறுப்பு விலக்கத்தக்கது. முன்னரே எழுதிவைக்கப்படத்தக்கதும் இந்த ஒழுங்கு மட்டுமே. இரக்கத்தை எழுதிவைக்க இயலாது.

நான்காவது, ஒரே பேச்சாளர் என்னும் விதியின் எல்லையை உணர்தல். குழப்பத்தைத் தவிர்க்க அது உதவும். ஆயின் வைத்தியரின் வாயையும் பொறியியலாளரின் வாயையும் அடைக்கும் பூட்டாக அது மாறலாகாது. மினமாற்றாவில் தேவைப்பட்டது இரண்டாவது குரலே.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். வர்த்தகத்தின் பொறுப்பு இலாபத்தைப் பெருக்குதலே என்பார் மில்ற்றன் பிறீட்மன் என்னும் பொருளியலாளர். ஆயின் 1970 இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, ஏமாற்றும் மோசடியும் இன்றி அது நடைபெறல் வேண்டுமென்ற நிபந்தனையும் உளது. ஆகவே அவரைத் துணைக்கொண்டும் மௌனத்தை நியாயப்படுத்தல் எளிதன்று. மற்றைய மறுப்பு சட்டத்தரணிகளுடையது: உண்மையை வெளியிடுதல் நீதிமன்றத்திற் குற்ற ஒப்புதலாக முடியும் என்பது. எச்சரிக்கையும் குற்ற ஒப்புதலும் வெவ்வேறானவை. குற்றம் யாருடையதென்ற வினா வழக்கு முடியும்வரை காத்திருக்கலாம். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கும் உண்டு. ஒருவன் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தேவையான செய்தியை அதுவரை தடுத்துவைக்கும் உரிமையோ எவருக்கும் இல்லை.

எமது கரையில்

இவை தூர தேசத்துக் கதைகளல்ல. 2021 மே 20 ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிறஸ் பேள் என்னும் கொள்கலக் கப்பலிலே தீப்பற்றியது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கொள்கலமொன்று கசிவது கொழும்பை அடையுமுன்னரே கப்பலில் அறியப்பட்டிருந்தது. கட்டார், இந்தியத் துறைமுகங்கள் இரண்டில் அதனை இறக்க இயலாது போயிற்று. யூனில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்குத் துணிக்கைகள் அதிலிருந்தன. எமது மேற்குக் கரையில் அவை வெண்மணலாய்ப் படிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அறிந்தோர் கப்பலிலும் காரியாலயங்களிலும் இருந்தனர். சுமந்தோர் நீர்கொழும்புக் கரையில் வலையை உலர்த்திவிட்டு அமர்ந்திருந்தனர். மினமாற்றாவின் மீனவர் நிலையும் இதுவே.

இம்மலரை வாசிப்போருட் பலர் நாளை இரசாயனவியலாளராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வைத்தியராகவும் இத்தகைய நிறுவனங்களிற் பணிபுரியப் போகின்றவர்கள். நெருக்கடிக் குழுவிலோ பணிப்பாளர் சபையிலோ அவர்களுக்கு இடம் கிடைக்காமற் போகலாம். ஆயின் ஏதோவொரு நாள், ஏதோவொரு மேசையில், 400 ஆம் இலக்கப் பூனையைப் போன்ற ஒரு செய்தி அவர்கள் கைக்கு வந்து சேரும். ஹொசொகாவா நல்லவர், நோயை முதலில் அறிவித்தவரே அவர்தாம். அத்தகையவருக்கும் அந்த ஒரு முடிபைப் பகிரங்கமாகக் கூறப் பதினோராண்டு சென்றது. அவரைக் குறைகூறுதல் எளிது. அவரது மேசையில் நாம் அமர்ந்திருந்தால் எத்தனை ஆண்டு எடுத்திருப்போம் என்று நம்மை நாமே வினவுதல் அத்துணை எளிதன்று. அவ்வினாவை வேலையிற் சேருமுன்னரே, செய்தி வருமுன்னரே, ஒருமுறை நேர்மையாகக் கேட்டுக்கொள்வதுதான் தனிமனிதர் செய்துகொள்ளக்கூடிய ஆயத்தம்.